மீதியில் ஒரு பங்கு

தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர்களைக் கேட்டால், மாணாக்கர் எண்களைக் கண்டு அஞ்சுவதைவிடச் சொற்களைக் கண்டு அஞ்சுவதே மிகுதி என்பார்கள். கூட்டல் முதலிய நான்கையும் பிழையறச் செய்யும் பிள்ளை, பின்னங்களின் பகுதியைச் சமப்படுத்தவும் விழுக்காட்டைத் தசமமாக்கவும் நன்கறிந்த பிள்ளை, அதே எண்களை நான்கு வரி உரைநடைக்குள் பொதிந்து கொடுத்தவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. அடுத்த கணம் அதன் வாயிலிருந்து பிறக்கும் வினா எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றேதான்: "டீச்சர், இது பெருக்கலா, வகுத்தலா?" பாடநூல் இவ்வகைக் கணக்குகளுக்குப் 'பிரச்சனைக் கணக்கு' என்று பெயர் சூட்டியது ஒருவகையில் பொருத்தமே. பிரச்சனை எவ்விடத்தில் இருக்கிறது என்பதைத்தான் பலரும் தேடிப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்புகளில் அடிக்கடி காணப்படும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முத்துவிடம் 240 ரம்புத்தான் பழங்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கை விற்றான். மீதியில் 40 விழுக்காட்டைத் தன் தங்கைக்குக் கொடுத்தான். முத்துவிடம் இப்பொழுது எஞ்சியுள்ள பழங்கள் எத்தனை?

விற்றவை 80, மீதி 160. அந்த 160இல் 40 விழுக்காடு 64. அதைத் தங்கைக்குக் கொடுத்தபின் முத்துவிடம் இருப்பவை 96. பெரியவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு பள்ளியில் இக்கணக்கு பலகையில் எழுதப்பட்டது. வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரில் ஐவர் 64 என்று விடை எழுதியிருந்தனர். ஆசிரியை ஐந்து ஏடுகளிலும் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இழுத்தார். அவற்றுள் இரண்டு ஏடுகளில் விடை மட்டுமே இருந்தது, செய்வழி இல்லை. இடைவேளையின்போது அவ்விருவரையும் அருகே அழைத்து, எப்படி 64 வந்தது என்று வாயால் சொல்லச் சொன்னார்.

பையன் தயங்கவில்லை. "80 வித்துட்டான் டீச்சர். மீதி 160. தங்கச்சிக்கு 40 விழுக்காடு. 240க்கு 40 விழுக்காடு 96. 160லே 96 போனா 64."

சிறுமி சற்று நேரம் நின்றாள். "160க்கு 40 விழுக்காடு 64 டீச்சர். தங்கச்சிக்கு 64."

"அப்ப முத்துவுக்கு?"

"முத்துவுக்கா?" என்று பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கின் கடைசி வரியை அப்பொழுதுதான் படித்தாள் போலும். "96."

ஒரே விடை, ஒரே குறுக்குக்கோடு, நோயோ இரண்டு. பையன் மீதியின் 40 விழுக்காட்டை எடுக்க வேண்டிய இடத்தில் முழுமையின் 40 விழுக்காட்டை எடுத்துவிட்டான். சிறுமியோ கணக்கின் மிகக் கடினமான படியைச் செம்மையாகக் கடந்தபின், கேட்கப்பட்டது யாது என்பதை மறந்து ஒரு படி முன்னதாக நின்றுவிட்டாள். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, விழுக்காட்டுப் பயிற்சி இருபதைச் செய்யச் சொன்னால் சிறுமிக்கு அலுப்புத் தட்டும். பையனுக்குத் தன் பிழையே இருபது முறை பழகும். 'கணக்கில் மந்தம்' என்னும் பெயரை மட்டும் இருவரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வர். அப்பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைநிலைப்பள்ளி வரையிலும் கூடவே செல்கிறது என்பதையும், அறிவியல் பிரிவின் வாசலில் நின்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அன்று மாலை அவ்வாசிரியை, சரியென்று குறியிட்ட ஏடுகளையும் மறுபடி புரட்டினார். அவற்றுள் ஒன்றில் ஒரு மாணவன் 240இல் 40 விழுக்காட்டைக் கண்டு, 96 என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடுகள் இட்டு முடித்திருந்தான். விற்ற பழங்களைப் பற்றிய நினைவே அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மீதியும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆயினும் 96 என்பது விடைத்தாளில் இருந்த எண்ணாதலால் அவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது!

இங்கே பழியில் ஒரு பகுதி எண்களையும் சாரும். மூன்றில் ஒரு பங்கும் 40 விழுக்காடும் இவ்வாறு சேர்ந்து வரும்போது, முழுமையின் 40 விழுக்காடும் இறுதி மீதியும் ஒரே எண்ணாக அமைந்துவிடுகின்றன. 40ஐ 25 ஆக மாற்றிப் பார்க்கலாம். மீதி 160இல் 25 விழுக்காடு 40. முத்துவிடம் எஞ்சுவது 120. ஒரு படி முன்னதாக நிற்கும் பிள்ளை 40 என்று எழுதும். முழுமையைப் பற்றிக்கொண்டே இறுதிவரை செல்லும் பிள்ளை 100 என்று எழுதும். முழுமையின் 25 விழுக்காட்டோடு நின்றுவிடும் பிள்ளை 60 என்று எழுதும். நான்கு வழிக்கும் நான்கு விடை. ஏட்டைக் கண்டவுடனேயே பிள்ளை எந்த முச்சந்தியில் தடம் மாறிற்று என்று ஆசிரியர் சொல்லிவிடலாம். கணக்கு எழுதுபவர் சரியான விடையை மட்டும் செய்து வைத்துக்கொண்டால் போதாது. தவறான விடைகளையும் தாமே ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். வினாத்தாள் தயாரிப்போரிற் பலர் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. சென்ற ஆண்டின் தாளில் எண்களை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு மாணாக்கரின் பிழைகளை ஆராய்ந்து எழுதியபோது, பிள்ளை ஒரு கணக்கை முடிப்பதற்குக் கடக்க வேண்டிய படிகளை ஐந்தாக வகுத்தார்: படித்தல், பொருளுணர்தல், செய்யவேண்டிய செயலாக மாற்றுதல், கணித்தல், விடையை எழுதுதல். கணித்தல் நான்காவதாக வருகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். அதற்கு முன்னுள்ள மூன்றும் மொழியோடு ஒட்டியவை. நம் பள்ளிகளில் குறைநீக்கல் பயிற்சி என்ற பெயரில் நடப்பதிற் பெரும்பகுதி நான்காம் படிக்கே செல்கிறது.

பையனின் கண்ணில் படாமற்போனது, 'மீதியில்' என்னும் சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இல்' என்னும் உருபு. காலையில் தமிழ்ப்பாட வேளையில் வேற்றுமை உருபுகளை வரிசை பிறழாமல் ஒப்புவித்தவன்தான் அவன். அவ்வுருபு கணித ஏட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 40 பழம் என்றால் 40 பழம். எங்கு வைத்தாலும் அது 40. ஆனால் 40 விழுக்காடு என்பது எதையேனும் பற்றிக்கொண்டால்தான் உயிர் பெறும். எதில் 40 விழுக்காடு? மூன்றில் ஒன்று என்றாலும் அவ்வாறே. 'எதில்?' என்று கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பிரச்சனைக் கணக்கின் பாதிப் பளு குறைந்துவிடுகிறது. கேட்காத பிள்ளை வாய்பாட்டில் எத்துணை வல்லவனாயினும் ஒவ்வொரு கணக்கிலும் முதலில் கண்ட பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

இவ்விடத்தில் தமிழ் நடை பிள்ளைக்குப் பெருந்துணை புரிகிறது. 'மூன்றில் ஒன்று' என்று முழுமையை முன்னே நிறுத்திப் பங்கைப் பின்னே சொல்வது தமிழ் வழக்கு. '240இல் மூன்றில் ஒரு பங்கு' என்னும்போது பெரியது முதலில் வந்து, உடைந்து, சிறியது பின்னே வருகிறது. பழத்தைக் கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிறகு கூறுபோடுவது போல. சீன மொழியிலும் கூறுகளின் எண்ணிக்கைதான் முதலில் சொல்லப்படுகிறது. மலாய்மொழியும் ஆங்கிலமும் பங்கை முதலிற் சொல்லி முழுமையைப் பின்னே சொல்பவை. ஆனால் ஏட்டில் எழுதும்போது தமிழ்ப்பிள்ளையும் மேலே 1, நடுவே கோடு, கீழே 3 என்றுதான் எழுதப் பழகியிருக்கிறது; வாய் ஒரு திசையிலும் கை மறுதிசையிலும் செல்கின்றன. முதலில் கோடு, பிறகு கோட்டின்கீழ் 3, அதன்பின் மேலே 1 என்று, சொல்லும் வரிசையிலேயே எழுதப் பழக்கும் ஆசிரியர் சிலர் உளர். செலவில்லாத நல்ல பழக்கம் அது.

பழந்தமிழர் பின்னக் கணக்கில் வல்லவர் என்பதைச் சொல்லாமல் எந்த ஆசிரியர் கூட்டமும் முடிவதில்லை. அதில் உண்மை உண்டு. அரை, கால், எட்டில் ஒன்றாகிய அரைக்கால், பதினாறில் ஒன்றாகிய மாகாணி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உருப்போட வைத்தனர். காரி நாயனாரின் கணக்கதிகாரம், அன்றாட வாழ்வின் கணக்குகளைச் செய்யுளில் வைத்துத் தந்த நூல். மலாயாவுக்கு வந்த பிறகும் அவ்வறிவு வீண்போகவில்லை. இங்கே கடைகளில் வழங்கிய ஒரு கட்டி எடைக்குப் பதினாறு தாயில். ஆகவே மாகாணிக் கட்டி என்பதும் ஒரு தாயில் என்பதும் ஒன்றே. நூறு கட்டி ஒரு பிக்குல். எனவே பிக்குலில் ஒரு விழுக்காடு ஒரு கட்டி. விழுக்காடு என்ற சொல்லையே கேட்டிராத பாட்டிமார், மீன் கடையிலும் மளிகைக் கடையிலும் விழுக்காட்டை நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள் எனலாம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் நிலைபெற்றன. கட்டியும் தாயிலும் பேச்சிலிருந்து மெல்ல நழுவின.

எனினும் முன்னோர் பெருமை பேசுவதால் முத்துவின் பழங்களை எண்ணி முடிக்க இயலாது. மாகாணியும் முந்திரியும் 'ஒன்று' என்னும் முழுமையை மறைவாகத் தம்முள் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்கள். 'மீதியில்' என்று முழுமை நடுவழியில் மாறும்போது அவை எச்சரிப்பதில்லை. அங்கே வேண்டுவது மனப்பாடத்தைவிட ஒரு கேள்வி.

அக்கேள்விக்குப் பதிலாக வகுப்பறைகளில் வழங்கப்படுவது பெரும்பாலும் குறுக்குவழி. 'மொத்தம்' என்றால் கூட்டு. 'மீதி' என்றால் கழி. 'ஒவ்வொருவருக்கும்' என்றால் வகு. நல்ல ஆசிரியர்கள்கூடத் தேர்வு நெருங்கும்போது இப்பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஓரடிக் கணக்குகளுக்கு அது உதவவும் செய்கிறது, அதனாலேயே ஆபத்து. முத்துவின் கணக்கைத் திருப்பிப் போடலாம்: மூன்றில் ஒரு பங்கை விற்று, மீதியில் 25 விழுக்காட்டைத் தங்கைக்குக் கொடுத்தபின் முத்துவிடம் 120 பழங்கள் இருந்தன, தொடக்கத்தில் மொத்தம் எத்தனை? 'மொத்தம்' என்று கண்டவுடன் கூட்டக் கிளம்பும் பிள்ளைக்கு மூன்றில் ஒன்றையும் 25ஐயும் 120ஐயும் எதனோடு எதைக் கூட்டுவதென்றே தெரியாது. சில பிள்ளைகள் அதையும் கூட்டிக் காட்டுகின்றன.

இத்தகைய இடத்தில் ஒரு பட்டை வரைந்தால் போதும். 1980களில் சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் டாக்டர் கோ தெக் ஹோங் தலைமையில் இயங்கிய குழு, தொடக்கப்பள்ளிக் கணிதத்திற்கென இப்பட்டை வரையும் முறையை வளர்த்தெடுத்தது. இன்று பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. நீண்ட பட்டை ஒன்றை மூன்று சமகட்டங்களாக்குக. ஒன்று விற்றது, அதில் கோடுகள் இட்டு நிழலாக்குக. எஞ்சிய இரு கட்டங்களும் சேர்ந்ததே மீதி. 25 விழுக்காடென்பது நான்கில் ஒன்றாதலால் மீதியை நான்காக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் பாதியாக வெட்டினால் நான்காகிவிடும். விற்ற கட்டத்தையும் அவ்வாறே வெட்டினால் பட்டை முழுவதும் ஆறு சிறு கட்டங்கள். விற்றது இரண்டு, தங்கைக்கு ஒன்று, முத்துவிடம் மூன்று. மூன்று கட்டம் 120 என்றால் ஒரு கட்டம் 40. ஆறு கட்டம் 240. பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் வேலை ஒன்றுமில்லை. கணக்கில் பின்தங்கியவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை, அடிக்கோலை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டே விடைக்கு வந்து சேர்வதைக் காணும் ஆசிரியருக்கு அன்று வேறு சம்பளம் வேண்டியதில்லை. படம் 'எதில்?' என்பதைப் பிள்ளையைக் கேட்க வைக்கிறது. வெட்டவேண்டிய இடம் எது என்று தெரியாமல் கோடு போட இயலாதல்லவா?

மொழிக்கு மறுபடியும் வரவேண்டியிருக்கிறது. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு தொடங்கிக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009ஆம் ஆண்டில் அரசாங்கம் அக்கொள்கையை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அக்கொள்கையின் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசியோரிற் பெரும்பாலோர் கலைச்சொற்களைப் பற்றியே பேசினர். கலைச்சொல்லைப் பிள்ளை ஒரு வாரத்தில் கற்றுவிடும். பங்கு முன்னே வந்து, முழுமை வாக்கியத்தின் கடைசியில் வருகின்ற அமைப்பே இடறலாயிற்று. தமிழில் சிந்தித்து, ஆங்கிலத்தில் படித்து, இடமிருந்து வலமாக எண்களைப் பொறுக்கியெடுத்த பிள்ளைக்கு, கடைசிச் சொல்லாக நின்ற 'மீதி' கைக்கெட்டவேயில்லை.

இன்றும் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் இதே கணக்கைத் தேசிய மொழியில் சந்திக்கத்தான் போகிறது. 'சத்து பெர்தீகா டாரிபாட பாக்கி' என்று அங்கே வரும். இதற்கென்று தனிப்பாடம் நடத்த வேண்டா. மலாயில் 'டாரிபாட' எங்கே வருகிறதோ அதற்கு அடுத்து நிற்பதுதான் முழுமை. தமிழில் 'இல்' எங்கே வருகிறதோ அதற்கு முன்னே நிற்பதுதான் முழுமை என்று ஒரு வரி சொல்லி, நான்கு கணக்குகளை இருமொழியிலும் எழுதிக் காட்டினால் போதும். 'பாக்கி' என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளைகள் சிரித்துவிடுகின்றன. கடையில் பாக்கி வைத்திருக்கிறோம் என்று வீட்டில் கேட்ட அதே சொல்! அரபு மொழியிலிருந்து புறப்பட்டு, ஒரு கிளை தமிழுக்கும் மற்றொரு கிளை மலாய்க்கும் சென்ற சொல் அது. சிங்கப்பூரில் தமிழ்ப்பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். அங்கும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இவ்வொப்பீடு பயன் தரும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, பழத்தை யார் எப்படிப் பங்கிட்டால் என்ன என்று எண்ணுவோர்க்கு, தோட்டத்துப் பால் நிறுவையை நினைவூட்டலாம். மரம் சீவியவர்கள் கொண்டுவந்து கொட்டிய பாலில் நீரும் உண்டு, இரப்பரும் உண்டு. ஆகவே பாலின் எடையோடு உலர் இரப்பரின் விழுக்காட்டையும் பார்த்தே அவர்களின் உழைப்பு மதிப்பிடப்பட்டது. 40 கிலோ பாலில் 35 விழுக்காடு உலர் இரப்பர் என்றால் 14 கிலோ. அதில் 10 கிலோ தண்ணீரைச் சேர்த்தால் எடை 50 கிலோவாக ஏறும். விழுக்காடோ 28 ஆக இறங்கும். இரப்பர் அதே 14 கிலோதான். எடை ஏறிற்றே என்று மகிழ்பவனுக்கும், விழுக்காடு இறங்கிற்றே என்று வருந்துபவனுக்கும் எதிரே இருப்பது ஒரே பால். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் கிராணியாரிடம் கேள்வி கேட்டார்கள். தெரியாதவர்கள் பதிவேட்டில் எழுதியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அன்றைய தோட்டப்புறத்தில் விழுக்காடு என்பது அடுப்பில் ஏறும் அரிசியின் அளவு.

கடன் கொடுப்பவரின் சொல்லும் இவ்வகையினதே. 'நூற்றுக்கு இரண்டுதான்' என்பார். மாதத்திற்கு என்பதை மெல்லச் சொல்வார். மாதம் 2 விழுக்காடு ஆண்டுக்கு 24. மலேசியாவின் 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்கீழ் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடும், ஈடுள்ள கடனுக்கு 12 விழுக்காடுமே உச்சவரம்பு. சிங்கப்பூரில் உணவகத்தில் 100 வெள்ளிக்கு உண்டு, சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் பொருள் சேவை வரி 9 விழுக்காடும் சேர்த்து 119 வெள்ளிதான் என்று எடுத்து வைப்பவரிடம் 119 வெள்ளி 90 காசு கேட்கப்படும். வரி, கட்டணம் சேர்ந்த 110 வெள்ளியில் கணிக்கப்படுகிறது. எதில் 9 என்ற கேள்விக்கு விலை 90 காசு.

தலைமையாசிரியர்களுக்கு நன்கு பழகிய கணக்கு வேறொன்று உண்டு. மாணவர் எண்ணிக்கை 100இலிருந்து 80 ஆகக் குறைந்தால் வீழ்ச்சி 20 விழுக்காடு. மறு ஆண்டு 20 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மகிழ்ச்சியோடு அறிவித்தால் பள்ளியில் 96 பிள்ளைகள்தான் இருப்பர். பழைய நிலைக்கு மீள 25 விழுக்காடு உயர வேண்டும். ஏனெனில் ஏறும்போது மிதிக்கும் படி 80, இறங்கும்போது மிதித்த படி 100. மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே சென்றுவிட்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படும் நாட்டில், இழந்ததைவிட மீட்பதற்கு எப்போதும் கூடுதல் விழுக்காடு தேவைப்படுகிறது என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவன் அறிந்துகொள்வதும் நன்றே.

தள்ளுபடிக் கணக்கிலும் இதே படி வழுக்குகிறது. 20 விழுக்காடு தள்ளுபடிக்குப்பின் புத்தகப்பையின் விலை 48 ரிங்கிட். பழைய விலை என்ன? 48இல் 20 விழுக்காடு 9 ரிங்கிட் 60 சென், கூட்டினால் 57 ரிங்கிட் 60 சென் என்று வகுப்பிற் பாதி எழுதும். ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் வகுத்துத் தந்த நான்கு படிகளில் இறுதிப் படி திரும்பிப் பார்த்தல். அதைச் செய்தால் போதும்: 57 ரிங்கிட் 60 சென்னில் 20 விழுக்காட்டைக் கழித்தால் 46 ரிங்கிட் 8 சென்தான் வரும், 48 வராது. 60 ரிங்கிட்டில் கழித்தால் வரும். திரும்பிப் பார்க்கும் படிக்குப் பாடவேளையில் இடமில்லை என்பது ஆசிரியர்களின் பழைய முறையீடு. 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் அம்முறையீட்டின் வலு குறைந்திருக்க வேண்டும். ஆனால் தேர்வு போயிற்றேயன்றிப் பயிற்றி போகவில்லை. ஒரு பாடவேளையில் முப்பது கணக்குகள் செய்ததைப் பெருமையாகச் சொல்லும் வகுப்புகள் இன்றும் உண்டு. ஒரு கணக்கை முப்பது நிமிடம் பேசிய வகுப்பைப் பற்றி யாரும் நன்றாகப் பேசுவதில்லை. பெற்றோர்கள் ஏட்டின் பக்கங்களை எண்ணுகிறார்கள்.

பிள்ளைகளையே கணக்கு எழுதச் சொல்வது நல்ல பயன் தருகிறது. நகர்ப்புறப் பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டு மாணாக்கர் வாரந்தோறும் ஆளுக்கொரு கணக்கை அட்டையில் எழுதிவர வேண்டும். விதி ஒன்றே: விழுக்காடோ பின்னமோ வரும் ஒவ்வோரிடத்திலும் எதில் என்பது தெளிவாக இருக்க வேண்டும், இல்லையேல் வகுப்பு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடும். தொடக்கத்தில் வந்தவை எல்லாம் பாடநூலின் நகல்கள்; மிட்டாய், பென்சில், கோழிமுட்டை. நான்கைந்து வாரங்களுக்குப் பின்னரே வீட்டுக் கணக்குகள் வரத் தொடங்கின. தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தையின் சம்பளச் சீட்டைப் பார்த்து ஒரு மாணவன் எழுதியது இது:

"அப்பாவின் சம்பளம் 2,000 ரிங்கிட். அதில் 11 விழுக்காட்டை ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள். முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. ஒரு மாதத்தில் அக்கணக்குக்கு எவ்வளவு போகும்?"

அட்டையின் பின்புறத்தில் விடை 200 ரிங்கிட் என்று எழுதியிருந்தான். பலகையில் கணக்கு எழுதப்பட்டதும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "10 விழுக்காடு எதிலே?" அவன் முதலில் சம்பளத்தில் என்றான். பிறகு உறுதியில்லாமல் நின்றான். ஆசிரியர் விளக்கினார். 55 வயதுக்குட்பட்டவர்களின் மாதச் சந்தா 2024 மே மாதம் முதல் 75, 15, 10 விழுக்காடு என மூன்று கணக்குகளுக்குப் பிரிகிறது. பிரிவது சம்பளமன்று, சந்தா. பிள்ளைகள் செய்தார்கள். 11 விழுக்காடு 220. 13 விழுக்காடு 260. இரண்டும் சேர்ந்து 480. அதில் 10 விழுக்காடு 48 ரிங்கிட்.

அட்டையை வாங்கிச் சென்று அந்தப் பத்துக்கு முன்னால் 'இவ்விரண்டும் சேர்ந்த தொகையில்' என்று நெருக்கி எழுதிக் கொண்டுவந்தான். மறுநாள் வகுப்பில் அவன் சொன்ன செய்தி, அவனுடைய தந்தையும் மாதம் 200 ரிங்கிட் சேர்கிறது என்றே எண்ணியிருந்தார் என்பது. அவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தாராம், 48தான் இருந்ததாம்.